குளிர் தாங்கும் பனைகளும் அவற்றைத் தாங்கும் மனிதர்களும்

பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2600 இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெப்ப நாடுகளில் யார் தயவும் இல்லாமல் வளர்கின்றன. பனி பொழியும் ஊர்களில் வெட்டவெளியில் பிழைப்பவை ஒரு கைப்பிடிதான். ஜெர்மனி, இங்கிலாந்து, கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள் ஆகிய இடங்களில் தோட்டம் வைத்திருப்போரில் ஒரு சாரார் அந்தக் கைப்பிடியைத்தான் தேடிப்பிடித்து நடுகிறார்கள். ஆப்பிளும் பேரியும் கேட்காமலே காய்க்கும் மண்ணில், தின்னப் பழமும் ஒதுங்க நிழலும் தராத மரத்தை ஏன் வைக்க வேண்டும் என்று கேட்டால், அழகுக்காக என்பார்கள். பக்கத்து வீட்டில் அது இல்லை என்பதும் அந்த அழகில் சேர்த்தி.

இவற்றுள் முதலிடம் டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி என்ற சீனத்துப் பனைக்கு. விசிறி ஓலை, தண்டு தெரியாத அளவுக்குப் பன்னாடை. வேரூன்றிய மரம் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரை சமாளிக்கும். ஃபிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்ட் என்ற மருத்துவர் 1830இல் ஜப்பானிலிருந்து இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் 1849இல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். மரத்துக்கு நிலைத்தது இரண்டாமவரின் பெயர். பனை பகிர்வதில் முதலில் கொடுத்தவரை யாரும் நினைவில் வைப்பதில்லை என்ற வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

குளிர் பொறுப்பதில் இதையும் மிஞ்சுவது, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த ஊசிப்பனை. மைனஸ் 20க்குக் கீழே போனாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் உயரமாக வளராது, புதராகவே நிற்கும். இதுவும் பனைதான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்க வேண்டியிருக்கும். கிட்டே வந்து பார்ப்பவரை அடிமட்டைகளுக்கிடையே நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட ஊசிகள் கவனித்துக்கொள்ளும். அதே பகுதியைச் சேர்ந்த சபால் மைனர் பெரும்பாலும் தண்டை மண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மத்தியதரைக் கடலோரத்தின் கேமராப்ஸ் ஹியூமிலிஸ் சற்றே செல்லப்பிள்ளை. இத்தாலியின் பாதுவா தாவரவியல் தோட்டத்தில் 1585இல் நட்ட ஒன்று இன்னும் இருக்கிறது. 1786இல் கவிஞர் கோதே அதைப் பார்த்துவிட்டுத் தாவர உருமாற்றம் பற்றி யோசித்தார். தோட்டத்தாரும் யோசித்து, அதற்கென்றே தனிக் கண்ணாடி வீடு கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

பனை குளிரில் சாவதற்குக் காரணம் அதன் உடலமைப்பு. வேம்பும் புளியும் உச்சியை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். தனித்தண்டுப் பனைக்கு வளர்முனை ஒன்றே ஒன்று. அது செத்தால் மரமும் செத்தது. மட்டைகள் கருகினால் பாதகமில்லை. குருத்துக்கு அடியில் இருக்கும் மொட்டு உறையாமல் இருந்தால் போதும். ஆகவே இந்தக் கலை முழுவதும், ஒரு மொட்டைச் சில வாரங்கள் உறையவிடாமல் பார்த்துக்கொள்வதில் அடங்கிவிடுகிறது. மீதியெல்லாம் செலவு.

எந்த ஊரில் எது பிழைக்கும் என்பதற்கு அமெரிக்க வேளாண்துறை ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியைக் கொண்டு நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சாதாரணத் தோட்டக்காரர் தம் மண்டலத்துக்கு உரியதை நடுவார். பனை வளர்ப்பவர் அதற்கு ஒரு மண்டலம் மேலே, அதாவது இன்னும் வெப்பமான இடத்துக்கு உரியதை நடுவார். தெற்குச் சுவர் வெயிலை வாங்கும், வேலி வாடையைத் தடுக்கும், ஆகையால் தம் வீட்டுக் கொல்லை மட்டும் வேறு மண்டலம் என்பது அவர் வாதம். 2023இல் வரைபடத்தைப் புதுப்பித்தபோது நாட்டில் பாதி அளவு இடம் அரை மண்டலம் மேலேறியது. பலர் வீடு மாறாமலே தெற்கே குடிபோனார்கள்.

நவம்பரில் போர்த்தும் வேலை தொடங்கும். வேர்ப்பரப்பில் ஒரு முழ உயரத்துக்குச் சருகும் வைக்கோலும் கொட்ட வேண்டும். ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்ட வேண்டும். தண்டைச் சுற்றி விளக்குச் சரம், அதன்மேல் காற்றுப் புகும் துணி, கடும்பனி வந்தால் நான்கு பக்கமும் பலகைப் பெட்டி. விளக்கு என்றால் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் போடும் பழைய குண்டு பல்புச் சரம். எல்இடி சிக்கனமானது, அதனாலேயே சூடு தராமல் இதற்கு உதவாது. எனவே ஊரார் தூக்கி எறிகிற பழைய சரங்களை இவர்கள் கேட்டு வாங்கிச் சேர்க்கிறார்கள். வெப்பம் 2 டிகிரிக்கு இறங்கினால் தானாகவே விளக்கை ஏற்றும் செருகியும், மொட்டருகே உணர்கருவியும் வைப்பதுண்டு. நள்ளிரவில் எழுந்து அதன் அளவைப் பார்ப்பவர் வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று பார்ப்பதில்லை. வெப்பமண்டலத் தோற்றத்துக்காக நட்ட மரம் இப்படி ஆண்டில் நாலைந்து மாதம் சாக்குமூட்டையாகத் தோற்றமளிக்கும்.

மார்ச்சில் பரிசோதனை. போர்வையைப் பிரித்து, நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். அசையாவிட்டால் வீட்டில் விருந்து. கையோடு கழன்று வந்தால் அடிப்பாகத்தை முகர்வார்கள். ஊறல் தொட்டியின் நாற்றம் வந்தால் அழுகல் உறுதி. பிறகு அந்தக் குழியில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவார்கள். அது புசுபுசுவென்று நுரைக்கும். நுரை அடங்கும்வரை நின்று, தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளித்து, மழை இறங்காமல் உச்சியை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாதங்கள் கழித்து, நுனியைக் கத்தரியால் வெட்டிவிட்டாற்போல ஓர் அரை ஓலை எட்டிப்பார்த்தால் மரம் பிழைத்தது. ஒன்றும் வராவிட்டாலும் வெட்டமாட்டார்கள். இன்னொரு கோடை பார்க்கலாம் என்பார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸைக் கடும்பனி தாக்கியபோது சாலையோர வாஷிங்டோனியா ரோபஸ்டா பனைகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. வெறுந்தண்டுகள் மாதக்கணக்கில் நின்றன. உள்ளூர் சபால் பனைகள் எதுவும் நடக்காததுபோல் புது ஓலை விட்டன. உள்ளூர்ச் சரக்கு என்பதால் முன்பு அவற்றை ஏறெடுத்தும் பாராதவர்கள் அதற்குப் பிறகு விதை கேட்டு வந்தார்கள்.

ஆர்வலர்கள் விதையையும் கன்றையும் பகிர்வது இந்த நிலையாமையிலிருந்தே பிறக்கிறது. அரிய கன்றைத் தாமே வைத்துக்கொண்டவர் ஒரு குளிர்காலத்தில் அதை இழப்பார். விதையை நாலு பேருக்குக் கொடுத்தவர் மறு வசந்தத்தில் அவர்களில் ஒருவரிடம் கையேந்தலாம். தாராள மனம் என்று வெளியில் தெரிவது காப்பீட்டுத் தொகைதான். டெண்ட் ஸ்மித் என்பவர் 1956இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய பனைச் சங்கம், பின்னாளில் பன்னாட்டுச் சங்கமாக வளர்ந்தது. ஆர்வலர்களிடையே விதை கைமாறுவது அதன் தொடக்கக் காலம் முதலே உள்ள பழக்கம். பல இனங்களின் விதை காய்ந்தால் முளைக்காது என்பதால் பறித்த சூட்டில் அனுப்ப வேண்டும். டிராக்கிகார்ப்பஸில் ஆண், பெண் தனித்தனி மரம். விதை வேண்டுமானால் இரண்டும் வேண்டும். பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. பத்தாண்டு காத்து, தம்மிடம் இருப்பவை அத்தனையும் ஆண் என்று அறிந்தவர்களும் உண்டு.

வந்த விதையை ஈரமான தென்னை நார்த்தூளோடு பிளாஸ்டிக் பையில் இட்டுக் கதகதப்பான இடத்தில் வைப்பது வழக்கம். அந்தத் தூளில் ஒரு பகுதி பொள்ளாச்சியிலிருந்து கப்பலேறிப் போனது. வாஷிங்டோனியா சில வாரங்களில் முளைக்கும். ஊசிப்பனை ஆண்டுக்கணக்கில் பொறுமையைச் சோதிக்கும். முளைக்கும் முதல் இலை அசல் புல். களையெடுக்க ஆசைப்படும் உறவினரை அந்தப் பக்கம் விடக்கூடாது.

அரிதானவற்றில் போலி மலிவு. குமாவூன் இமயமலையில் வளரும் டிராக்கிகார்ப்பஸ் டாகிலை 1905இல் தாவரவியலாளர் பெக்காரி விவரித்தார். அந்தப் பெயரில் தோட்டங்களில் பரவிய கன்றுகளில் பல, வளர்ந்தபின் சாதாரண ஃபார்ச்சூனி என்று தெரியவந்தது. கொடுத்தவரும் அதே பெயரில் வாங்கியவர்தான் என்பதால் சண்டைக்கு வழியில்லை.

குளிர் தாங்கும் பனை உண்மையிலேயே குளிரைத் தாங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கு சுவிட்சர்லாந்தின் டிச்சினோ சான்று. அங்கே தோட்டத்து ஃபார்ச்சூனியின் பழங்களைப் பறவைகள் தின்று காடெங்கும் விதைத்தன. யாரும் போர்த்தவில்லை, யாரும் விளக்கு வைக்கவில்லை. காடு பனங்காடாகத் தொடங்கியதும் அரசு விழித்துக்கொண்டது. 2024 செப்டம்பர் 1 முதல் அந்த நாட்டில் இந்தப் பனையை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை. அன்பளிப்பாகக் கொடுப்பதும் கூடாது. ஏற்கெனவே நட்டவை நிற்கலாம். ஆனால் பழம் பிடிக்குமுன் பூங்கொத்தை வெட்டிவிட வேண்டும் என்று சொல்கிறார்கள். வடக்கே ஒருவர் பூவுக்காகப் பத்தாண்டு தவம் கிடக்கிறார். தெற்கே இன்னொருவர் ஆண்டுதோறும் ஏணி போட்டு ஏறி அதை வெட்டிக் குப்பையில் போடுகிறார்.