கடைமடைக்காரன் சொல்லுதேன், கேளு

என்னடே பேராண்டி, மொட்டைமாடித் தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னு செல்லை வானத்துக்குத் தூக்கிக் காட்டுதியே, மழைக்கு மனுக் குடுக்குதியா? இறங்கி வா. காலையில உன் ஆபீஸ் மீட்டிங்குல வாயைத் திறந்தபடி உன் மூஞ்சி அப்படியே நின்னு போச்சுல்லா, அதைப் பாத்துட்டு உங்க ஆச்சி, பையனுக்கு வலிப்பு வந்துட்டுன்னு இரும்புச் சாவியைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா. பாவம், அவளுக்கு என்ன தெரியும், நின்னது நெட்டுன்னு.

வீட்டுக்கு நெட்டு போடணும்னு சொல்லுத. போடு. யாரு வேண்டாம்னா? ஆனா காளை வாங்கப் போறவன் கொம்புல தடவியிருக்க எண்ணெயைப் பாத்து மயங்கப்பிடாது. பல்லைப் பாக்கணும், சுழியைப் பாக்கணும், நாலு எட்டு நடத்திப் பாக்கணும். இதுவும் சந்தைதான். தரகன் மட்டும் துண்டுக்குப் பதிலா டை கட்டியிருக்கான், அம்புட்டுதான் வித்தியாசம்.

"300 எம்பிபிஎஸ் போடப் போறேன் தாத்தா"ன்னு நெஞ்சை நிமித்துத. அந்தக் கணக்கைக் கொஞ்சம் அவுப்போம். கம்பெனிக்காரன் சொல்லுதது பிட்டு. உன் கம்ப்யூட்டரு படம் இறக்கும்போது காட்டுதது பைட்டு. 8 பிட்டு சேந்தாத்தான் 1 பைட்டு. நம்ம ஊருல 8 படி 1 மரக்கால் இல்லியா, அதே கணக்கு. 100 எம்பிபிஎஸ்னா நொடிக்கு 100 மெகாபைட்டு வராது, பன்னெண்டரைதான் வரும். ஒரு ஜிபி படம் இறங்க 80 நொடி ஆகும். அவன் பொய் சொல்லலைடே. படிக்கணக்குல சொல்லுதான், நீ மரக்கால் கணக்குல கேட்டுக்கிடுத. அவன் அளவு சரி, உன் காதுதான் குறை.

சரி, நம்ம வீட்டுக்கு எத்தனை படி வேணும்? உக்காந்து எண்ணுவோம். படம் முழுத் துல்லியமாத் தெரிய 5 எம்பிபிஎஸ் போதும், 4கே-ன்னா 15 வேணும்னு நெட்ஃபிளிக்ஸ்காரனே சொல்லுதான். உங்க ஆச்சி சீரியலுக்கு ஒரு 5. சார்ஜாவுல இருக்க உன் மாமன் வீடியோ காலுல வந்து வெயிலைப் பத்திப் புலம்ப ஒரு 4. உன் மீட்டிங்குக்கு 4. உன் தங்கச்சி ரீல்ஸுக்கு ஒரு 5. எல்லாம் கூட்டினாலும் 20-ஐத் தாண்டலை. 50 போட்டா வீடே கொழுத்துப் போகும். நாலு பேரு திங்குத வீட்டுக்கு என்னத்துக்குடே கல்யாண அண்டா? ஒண்ணு மட்டும் மறக்காமக் கேளு: வாரது எம்புட்டுன்னு எல்லாப் பயலும் சொல்லுவான், போறது எம்புட்டுன்னு சொல்ல மாட்டான். மீட்டிங்குல உன் மூஞ்சி போற பாதை அதுதான். அது குறுகலா இருந்தா, இரும்புச் சாவி திரும்பவும் வரும்.

அடுத்தது வயரா, காத்தா? வயருன்னா கண்ணாடி இழை. மயிரு கனம்தான் இருக்கும், உள்ள வெளிச்சம் ஓடும். மழைக்கும் இடிக்கும் அசையாது. ஆனா முறுக்கி மடக்கி ஆணியில மாட்டினா வெளிச்சம் வெளிய கசிஞ்சிரும். காத்துங்கிறது 5ஜி. 2022 அக்டோபருல நம்ம நாட்டுக்கு வந்துச்சு. மறு வருசமே அதை வீட்டு மாடியில பெட்டி வச்சுப் பிடிச்சு, 'ஏர்ஃபைபர்'னு பேரு வச்சு விக்க ஆரம்பிச்சானுவ. டவருக்கும் உன் மாடிக்கும் நடுவுல ஃபைபரு ஒரு முழம் கிடையாது. தங்கராசுன்னு பேரு வச்சவன் வீட்டுல பொட்டுத் தங்கம் இருக்கணும்னு சட்டமா என்ன? அதுக்காக அது கெட்டதுன்னு சொல்லலை. வயரு வராத தெருவுக்கு, அடிக்கடி வீடு மாத்துதவனுக்கு அது தோதுதான். போடுததுக்கு முன்ன அதே கம்பெனி சிம்மை உன் செல்லுல போட்டு, மாடியில நின்னு 5ஜி எப்படி வருதுன்னு பாரு. அப்ப தொட்டி மேல ஏறு, நானே ஏணி பிடிக்கேன். வயரு வார தெருவா இருந்தா வயரைத்தான் போடணும். அதுல ரெண்டு பேச்சு கிடையாது.

வயருலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. உனக்குன்னு தனி வாய்க்கால் வெட்டி விட்டுருக்கான்னு நினைச்சிராத. ஒரு லைனுல ரெண்டரை ஜிகாபிட்டை விட்டு, அதை 32 வீடு, 64 வீடுன்னு பிரிச்சு விடுதான். குளம் ஒண்ணு, வயலு 64. நான் 40 வருசம் கடைமடையில பயிரு வச்சவன், எனக்கு இதை வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டாம். அதனால எந்தக் கம்பெனி நல்லதுன்னு விளம்பரத்தைப் பாக்காத. அந்தக் கம்பெனி லைனு வச்சிருக்க பக்கத்து வீட்டுக்குப் போ. எப்பம் போகணும்? ராத்திரி 8 மணிக்கு. அதுவும் கிரிக்கெட்டு நடக்குத அன்னைக்கு. அந்த நேரத்துல அவன் வீட்டு வேகத்தை அளந்து பாரு. அதுதான் காளையை நடத்திப் பாக்குதது. நடுச்சாமத்துல அளந்தா நொண்டிக் காளையும் ஓடும்.

'அன்லிமிடெட்'னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். கீழ எறும்பு எழுத்துல நியாயமான பயன்பாட்டுக் கொள்கைன்னு ஒண்ணு இருக்கும். எம்புட்டு வேணும்னாலும் சாப்பிடுங்கன்னு உக்கார வச்சுட்டு, மூணாவது அப்பளத்துக்கு முறைக்குத சம்பந்தி மாதிரி. பல திட்டத்துல மாசம் 3300 ஜிபி வரைக்கும் வேகம், அதுக்குமேல மடையை அடைச்சுருவான். அதுக்குப் பயப்படாத. உங்க ஆச்சி ராத்திரி பகல் தூங்காம மாசம் முழுக்கச் சீரியல் பாத்தாலும் 1620 ஜிபி-தான் ஆகும், கணக்குப் போட்டுட்டேன். ஆனா காத்துல வாரதுல 1000 ஜிபி-லயே அடைக்குத திட்டம் உண்டு, அதைப் படிச்சுப் பாரு. அடைச்ச மடையில கசியுததைக் கேள்வி கேக்கவும் முடியாது. நொடிக்கு 2 மெகாபிட் வந்தாலே அது பிராட்பேண்டுதான்னு 2023-ல அரசாங்கம் வரையறுத்திருக்கு. அதுக்கு முன்ன 512 கிலோபிட்டுக்கே அந்தப் பட்டம் இருந்துச்சு.

விலையையும் சொல்லிருதேன். 499-ன்னு போட்டிருந்தா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 588 ரூபா 82 காசு. மாட்டுததுக்குக் கூலி உண்டா, வைஃபை பெட்டி சொந்தமா, இரவலான்னு முதல்லயே கேட்டுக்கோ.

பெட்டின்னதும் ஞாபகம் வருது. ஆனை வாங்கினவன் அங்குசம் வாங்க அழுதானாம். பெரிய திட்டத்தைப் போட்டுட்டு, பெட்டியைக் கொண்டுபோய் பீரோவுக்குப் பின்னால, பித்தளை அண்டாவுக்குப் பக்கத்துல ஒளிச்சு வைக்காத. இரும்பும் பித்தளையும் அலையை மறிச்சிரும். அந்தப் பெட்டியில ரெண்டு அலை வரும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பைய வரும், ஆனா சுவரைத் தாண்டும். 5 ஜிகாஹெர்ட்ஸ் பாஞ்சு வரும், நம்ம ஒண்ணரை அடிச் சுவரைப் பாத்ததும் படுத்துக்கிடும். பட்டாசல்ல நடுவா, ஆளு உயரத்துல வையி. உன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வயரையே சொருகு. கரண்டு போனா பெட்டியும் போகும். அதுக்குன்னே 12 வோல்ட்டு குட்டி யுபிஎஸ் விக்குது, ஒண்ணு வாங்கிப் போடு.

கடைசியா, நான் காசு குடுத்துப் படிச்ச பாடம். முந்தின வருசம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடை நட்டு ஒரு பையன் நின்னான். "ஐயா, ஐயா"ன்னு அவன் கூப்பிட்ட தேன்ல விழுந்து ஒரு வருசப் பணத்தைச் சொளையாக் கட்டினேன். மூணாம் மாசம் குடிதண்ணிக் குழாய்க்குத் தோண்ட வந்த ஜேசிபி வயரை வெட்டிட்டுப் போயிட்டு. பெட்டியில எல்ஓஎஸ்-னு ஒரு லைட்டு செக்கச்செவேல்னு மினுக்க ஆரம்பிச்சுது, சுடலைமாடன் முழிக்குத மாதிரி. வெளிச்சம் வந்து சேரலைன்னு அர்த்தமாம். போன் போட்டேன். ஒண்ணை அமுக்குங்கன்னா, ரெண்டை அமுக்குங்கன்னா. அமுக்கினேன். மூணாம் நாளு செல்லுக்குத் தகவல் வந்துச்சு: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. அதை அந்தச் செவப்பு லைட்டுகிட்டக் காட்டினேன். அதுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியலை போல, மினுக்கிக்கிட்டே இருந்துச்சு. அந்தக் குடையையும் காணோம், பையனையும் காணோம்.

அதே ஜேசிபி எதுத்த வீட்டு லைனையும்தான் வெட்டுச்சு. அது நம்ம கேபிள்காரப் பய கையில இருக்க லைனு. அன்னைக்கு ராத்திரியே வந்துட்டான். டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, தரையில குந்தி உக்காந்து, அந்த மயிரிழையை மெசின்ல வச்சு ஒட்டினான். அரை மணி நேரத்துல எதுத்த வீட்டு டீவி சிரிக்குது. என் பெட்டி முழிக்குது. அவன் வராம எங்க போவான்? காலையில பால் வாங்க இந்தத் தெரு வழியாத்தானே வரணும்.

அதனால திட்டத்தைப் பாத்து ஆளைத் தேடாத, ஆளைப் பாத்துத் திட்டத்தைத் தேடு. அறுந்தா எவன் வருவான், அவன் வீடு எங்க, கூப்பிட்டா எடுக்கானான்னு கேளு. மூணு மாசத்துக்கு மேல முன்பணம் கட்டாத. வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, நாளைக்குக் காலையில கேபிள்காரன் வீட்டுக்குப் போய் சொல்லிட்டு வா.

ஒண்ணு மட்டும் சொல்லிரு, புது வயரைத் தனியா இழுக்கட்டும். பழைய வயரை அவுத்துரப்பிடாது. ஒரு வருசப் பணம் கட்டினது அது. உங்க ஆச்சி சேலை அதுலதான் காயுது.