கொக்கரக்கோவும் கோகோரோகோவும்: பரமத்தி வேலூர் வட்டாரத்தை முன்னிட்ட ஓர் ஒலியாராய்ச்சி

சேவல் கூவும் ஓசையைத் தமிழர் கொக்கரக்கோ என்றும், போர்த்துகீசியர் கோகோரோகோ என்றும், ஆங்கிலேயர் காக்கடூடில்டூ என்றும் எழுதிவைத்துள்ளனர். காதில் விழுந்த ஓசையை எழுத்தால் போலச் செய்யும் இவ்வகைச் சொற்கள் ஒலிக்குறிப்புச் சொற்கள் எனப்படும். பூனையைப் பொறுத்தவரை மூன்று மொழியாரும் ஏறக்குறைய மியாவ் என்றே உடன்பட்டுவிட்டமையாலும், நாயைப் பொறுத்தவரை தமிழரின் லொள் லொள், ஆங்கிலேயரின் பௌ வௌ, போர்த்துகீசியரின் ஆவ் ஆவ் ஆகியவற்றிடையே சமரசத்துக்கு வழியே இல்லாமையாலும், ஆய்வுக்கு ஏற்ற உயிரி சேவலே என்பது தெளிவு.

யாப்பிலக்கண முறைப்படி அலகிட்டால், அதாவது சீரை நேரசை நிரையசைகளாகப் பிரித்து வாய்பாடு கண்டால், கொக்கரக்கோ நேர் நிரை நேராகிக் கூவிளங்காய் ஆகிறது. கூவும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான வாய்பாடு கிடைத்திருக்க முடியாது. கோகோரோகோ நான்கு நேரசைகளால் தேமாந்தண்பூவாகவும், காக்கடூடில்டூ கூவிளந்தண்பூவாகவும் முடிகின்றன. நாலசைச்சீர் வெண்பாவுக்கு ஆகாது என்பது இலக்கணமாதலின், மேற்கண்ட மூன்று சேவல்களில் வெண்பாவுக்குள் நின்று கூவும் தகுதி தமிழ்ச் சேவலுக்கே உண்டு.

ஆயினும், அலகை விடுத்து எழுத்தை நோக்கினால் தமிழும் போர்த்துகீசியமும் ககர ரகரங்களைத் தாண்டாமல் நெருங்கி நிற்பதால், ஜன்னலையும் சாவியையும் அலமாரியையும் தந்தவர்கள் கூவலையும் தந்திருப்பார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பு. இரு மொழியாரிடையே பழக்கம் இருந்ததற்கு 1578-இல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கசு அச்சிட்ட தம்பிரான் வணக்கமும், 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியும் சான்று. ஆனால் இவை யாவும் கடலோரத்துச் செய்திகள். காவிரிக் கரையில் வாழையும் வெற்றிலையும் பயிரிட்டிருந்த வேலூர்ப் பக்கத்துக்குக் கப்பல் வர வழியில்லை. இவ்வட்டாரத்தை நெருங்கிவந்த பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி. 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டு, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சேந்தமங்கலம் வழியாகச் சேலம் சென்றவர். அவரோ இத்தாலியர், இத்தாலியச் சேவல் கிக்கிரிக்கீ என்று கூவுவது. அதை அலகிட்டால் அதுவும் கூவிளங்காயாகவே அமைவது தமிழ்ச் சேவலின் தனியுரிமையைக் குலைக்கும் சங்கடமான உண்மையாதலால், அந்த ஆராய்ச்சி இத்துடன் நிறுத்தப்படுகிறது.

இனி, களத்துச் சான்றுக்கு வரலாம். முட்டைக்குப் பெயர்போன நாமக்கல் மாவட்டத்தில் சேவற்கூவலுக்குப் பஞ்சமிராது என்று அயலூரார் எண்ணுவர். உண்ணும் முட்டை இடுவதற்குக் கோழிக்குச் சேவலின் துணை வேண்டியதில்லை என்பதாலும், முட்டையின ஆண் குஞ்சுகள் பொரிப்பகத்திலேயே பிரிக்கப்பட்டுவிடுவதாலும், வரிசை வரிசையான கூண்டுகளில் கொக் கொக் என்னும் கொக்கரிப்பு உண்டே தவிரக் கொக்கரக்கோ இல்லை. அச்சொல்லின் ஆயுள் வீட்டுப் புறக்கடை நாட்டுச் சேவலை நம்பியே இருக்கிறது.

சேவலைவிட ஆழமான சிக்கலைத் தருவது கொங்குநாட்டார் கவுளி என்று வழங்கும் பல்லி. (வேலூர் வெற்றிலைக்காரரிடம் கவுளி என்றால் அவர் நூறு வெற்றிலையை எண்ணி நீட்டுவார், அது வேறு.) கவுளி எழுப்புவது ஓசையாகக் கருதப்படுவதில்லை, 'சொல்'லாகவே மதிக்கப்படுகிறது. எந்தக் கிழமையில் எந்தத் திசையில் அது சொன்னால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் அட்டவணையே உண்டு. சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் கவுளி சொன்னால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் திசையைத்தான் பார்ப்பர். இத்தனை மதிப்புடைய அவ்வோசை ச்சு ச்சு என்பதா, ட்ச் ட்ச் என்பதா என ஒருமித்த எழுத்துவடிவம் இன்றுவரை இல்லை. சேவலுக்கோ நான்கு மொழிகளில் எழுத்துவடிவம் உண்டு. பலன் சொல்ல அட்டவணை இல்லை. இதிலிருந்து பெறப்படும் விதி: பொருளுள்ள ஓசைக்கு எழுத்துவடிவம் தேவைப்படுவதில்லை; பொருளில்லாத ஓசையே எழுத்தைத் தேடி அலைகிறது.

இவ்விதிக்கு இடையூறு பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையிலிருந்து வருகிறது. அங்கே ஏலம் போன வெல்லம் வீடு வந்து கடலை உருண்டைக்குப் பாகாகக் காயும்போது, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டித் தட்டில் போட்டுப் பார்ப்பர். டங் என்று கேட்டால் பதம் சரி. இவ்வோசைக்குப் பொருளும் உண்டு, எழுத்தும் உண்டு. எனினும் தொல்காப்பியர் வகுத்த இரட்டைக்கிளவி, அதாவது இரட்டித்தே வந்து பிரித்தால் பொருள்படாத சொல், என்னும் இனத்தில் சலசல, கடகட போன்றவை அடங்க, டங் ஒற்றையாகவே நிற்பதால் அதனைத் தனி இனமாக ஒதுக்கி விதியைக் காப்பாற்றலாம். அதை இரட்டித்துக் காட்டச் சொல்லி வாதிடுவோர், இரண்டாம் சொட்டை உருட்டிப் போட்டு டங் டங் என்று கேட்பதற்குள் அடுப்பிலிருக்கும் பாகு முற்றிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.