ஜப்பான் ஷிப்மெண்ட்

நேற்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் வாட்ஸப்பில் இன்னொரு எக்செல் ஷீட் வந்து விழுந்தது. போன ஷீட்டில் கியோட்டோவில் மத்தியானம் எனக்கென்று அரை மணி நேரம் 'ஓய்வு' என்று பச்சைக் கட்டம் போட்டிருந்தார்கள். புது ஷீட்டில் அந்தக் கட்டம் மஞ்சளாகி, 'நிஷிகி மார்க்கெட், 5 கடை' என்று மாறியிருக்கிறது. போன் போட்டுக் கேட்டேன். "மாமா, ஓய்வ பிளைட்டுக்கு மாத்திட்டேனுங்க. ஒம்பது மணி நேரம் சும்மாதான உக்காந்திருக்கீங்க" என்றான் மச்சினன். பிளைட்டில் எனக்கு நடு சீட்.

ஜப்பான் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் உருப்படியான யோசனை ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். முதலில் மச்சினனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு அவிநாசி ரோட்டுப் பக்கம் பனியன் கம்பெனி. வருஷம் முழுக்க அவன் பிழைப்பு டி அண்ட் ஏ ஷீட்டில்தான் ஓடுகிறது. டி அண்ட் ஏ என்றால் என்னவென்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் தெரிந்த திருப்பூர்க்காரர் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள், ஷிப்மெண்ட் போன பிறகு.

ஜப்பான் டூருக்கும் அதே ஷீட்டைத்தான் எடுத்திருக்கிறான். தலைப்பைக்கூட மாற்றவில்லை. 'பையர்' என்ற இடத்தில் எங்கள் அத்தை பெயர். 'ஸ்டைல்' என்ற இடத்தில் 'செர்ரிப் பூ, ரயில், சாப்பாடு'. 'குவாண்டிட்டி'யில் பெரியவர் ஆறு, சிறுவர் இரண்டு. 'யார்ன் இன்ஹவுஸ்' கட்டத்தில் எட்டுப் பேரின் பாஸ்போர்ட்டும் பீரோவுக்கு வந்து சேர வேண்டிய தேதி. 'லேப் டிப் அப்ரூவல்' கட்டத்தில் விசா போட்டோ, பின்னணி வெள்ளையா இல்லையா என்று பார்த்து ஒப்புதல் தர. 'டையிங்' கட்டத்தில் என்னதான் இருக்கும் என்று ஆவலோடு பார்த்தேன். மாமனார் தலைக்கு மை அடிக்கும் தேதி. காலதாமதம் ஆனால் அடுத்த வேலைகள் தள்ளிப்போகும் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வேறு.

'பிபி சாம்பிள்' என்பது கோயமுத்தூரில் நடந்தது. எட்டுப் பேரும் போய் ஒரு ஜப்பான் ஓட்டலில் குச்சியால் சாப்பிட்டுப் பழக வேண்டும் என்று ஏற்பாடு. மாமனார் குச்சியை ஓரமாக வைத்துவிட்டுத் தயிர்ச்சோறு இருக்கிறதா என்று கேட்டார். சாம்பிள் ரிஜெக்ட். ஆனாலும் 'பல்க் புரொடக்‌ஷன் தொடரலாம்' என்று குறிப்பு எழுதியிருக்கிறான். இதே துணிச்சலை எந்த ஜெர்மன் பையரிடமாவது அவன் காட்டிப் பார்க்கட்டும்.

'பைனல் இன்ஸ்பெக்‌ஷன்' கியோட்டோவில். அந்த ஊரில் புத்தக் கோயில்கள் மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். அத்தனையும் பார்க்க முடியாது என்பது நியாயம். ஆனால் பனியன் லாட்டைச் சோதிக்கிற ஏக்யூஎல் 2.5 கணக்கில் சாம்பிள் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறான். தேறியவற்றில் ஒன்று தங்க முலாம் பூசிய கிங்காகுஜி. 1950-இல் ஓர் இளம் துறவி அதைக் கொளுத்திவிட்டார். இப்போது நிற்பது 1955-இல் திரும்பக் கட்டியது. எதிரே ரிமார்க்ஸ் கட்டத்தில்: 'ரீவொர்க் பீஸ். அரை மணி போதும்.'

'கார்ட்டன் மெஷர்மெண்ட்' கட்டத்தில் பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் டோக்கைடோ ஷின்கான்செனில் பெட்டிக்கு இடமுள்ள சீட்டாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும், 2020-லிருந்து அப்படி. டேப் பிடித்து அளக்கும் வேலை என்னுடையது. அத்தையின் பெட்டி தாண்டுகிறது, ரைஸ் குக்கர் உபயம். 'எக்ஸ் பேக்டரி' என்றால் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம். 'டெபிட் நோட்' என்று கடைசியில் ஒரு கட்டம்: ரயிலைத் தவறவிட்டவர்கள் அடுத்த ஊருக்கு ஏர் ஷிப்மெண்டில் சொந்தச் செலவில் வந்து சேர வேண்டும். ஷீட்டை இங்கே மூடிவைத்தேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான்.

சரி, ரயில். டோக்கியோவிலிருந்து கனசாவா, அங்கிருந்து கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா, திரும்ப டோக்கியோ. வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. 2024 மார்ச்சில் ஹொக்குரிகு ஷின்கான்சென் பாதையை சுருகா வரை நீட்டியதிலிருந்து, கனசாவாவில் ஏறி கியோட்டோ போகிறவர்கள் சுருகாவில் இறங்கி வேறு வண்டிக்கு ஓட வேண்டும். ஷின்கான்சென் மேல்தளத்தில், மற்ற வண்டி கீழ்த்தளத்தில், நடுவில் சில நிமிடங்கள். அத்தைக்கு முழங்கால் தேய்மானம். "ஓடறதுக்கு ஒரு டிரையல் வேணா பாத்துக்கலாங்களா?" என்கிறான். எங்கே? திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில். பெட்டியோடு.

பாஸ் வாங்குவதா, தனித்தனி டிக்கெட்டா என்பதில் குடும்பம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோ-கியோட்டோ ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். போக வர மட்டும் என்றால் பாஸ் தண்டம். ஹிரோஷிமாவையும் சேர்த்தால் கட்டுபடி ஆகலாம். ஆக, பாஸ் வீணாகக் கூடாது என்பதற்காக ஹிரோஷிமா போகிறோம். அப்புறம் வேகமான நோசோமி வண்டியில் பாஸ்காரர்கள் ஏற மேல்கட்டணம் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. அதையும் மச்சினன் கூட்டிப் பார்த்தான், ராத்திரி ஒரு மணிக்கு, குரூப்பில்.

எனக்கு ரயில் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரோடு தாண்டியதும் டீ, சேலம் தாண்டியதும் வடை, நடுவில் ஒரு தூக்கம். அந்த நோசோமியிலோ 2023 அக்டோபரோடு தள்ளுவண்டி விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். மணிக்கு 285 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்கள், ஒரு டீக்கு வழியில்லை. வேண்டியதை ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். ஃபியூஜி மலை தெரிவது இ வரிசை ஜன்னலில். அந்தப் பக்கம் வரிசைக்கு இரண்டே சீட், ஜன்னல் ஒன்றுதான். சீட் ஒதுக்கீட்டில் என் பெயருக்கு நேரே 'ஏ' என்றிருக்கிறது. மலை தெரியும் நேரத்தில் நான் எழுந்து போய் மற்றவர்களைப் போட்டோ எடுக்க வேண்டுமாம்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகப் பேச எனக்குத் தெம்பில்லை. அத்தை சனிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை கவுச்சி தொட மாட்டார். ஜப்பான்காரர்களோ சூப், நூடுல்ஸ், கீரை எதுவானாலும் கட்சுஒபுஷி போட்ட சாறு இல்லாமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. அதாவது நம் மாசிக் கருவாட்டுக்குப் பங்காளி. இரண்டுமே சூரை மீன். ஒசாகாவில் ஆக்டோபஸ் உருண்டை தின்னும் நாளாகப் பார்த்து அமாவாசை வந்து உட்கார்ந்திருக்கிறது. தேதியை மாற்றலாமா என்று கேட்டேன். டூர் தேதியை அல்ல, அமாவாசையை மாற்ற முடியுமா என்று ஜோசியரிடம் கேட்பான் போலிருக்கிறது, அப்படி ஒரு பார்வை பார்த்தான்.

இதுவரை வாயைத் திறக்காமல் இருந்தவர் மாமனார். நேற்று ஷீட்டை முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க மாப்ள, நாப்பது வருசமா பெகாசஸ்ல தெச்சுத்தான் இந்த வீடு கட்னேன். அந்தக் கம்பெனி ஒசாகாவுலதான இருக்குது? ஒரு எட்டுப் பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்?" அவ்வளவுதான். மச்சினன் கண்ணில் வெளிச்சம். நகோயாவில் பிரதர், கோபேயில் ஃபுகுஹாரா நிட்டிங் மெஷின், வகயாமாவில் ஷிமா செய்கி, டோக்கியோவில் ஜூகி. கோயில்களை வெட்டிவிட்டு மெஷின் ஊர்களை நுழைத்துக்கொண்டிருக்கிறான். செர்ரிப் பூ ஜன்னல் வழியாகவே தெரியும், இறங்கத் தேவையில்லை என்று தீர்மானமாகியிருக்கிறது.

இப்படிப் போனால் செலவில் பாதியைக் கம்பெனிக் கணக்கில் எழுதலாமா என்று இன்று காலை ஆடிட்டரைக் கேட்டார்கள். எழுதலாமா கூடாதா என்று அவர் சொல்லவில்லை. நேரில் வந்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். குவாண்டிட்டி ஒன்பதாகிவிட்டது. அவருக்கு இ சீட் கொடுத்திருக்கிறார்கள்.