டப்பா வித்வான்

புதிதாக வாங்கிய எவர்சில்வர் தட்டை நீட்டினால் நாம் பளபளப்பைப் பார்ப்போம், பெயர் வெட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்போம். டப்பா வித்வான் அதன் விளிம்பை நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "நாலரைக் கட்டைக்கு ஒரு மயிரிழை கம்மி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அதில் சோறு போடலாமா கூடாதா என்பது அவருக்குச் சம்பந்தமில்லாத விவகாரம்.

தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். பத்து வயதில் மிருதங்கம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டிருப்பார். அப்பா கணக்கு டியூஷனில் சேர்த்துவிட்டிருப்பார். அந்த ஆத்திரம் அரை நூற்றாண்டு கழித்துக் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களின் தலையில் விடிகிறது.

வெறுமனே தட்டுகிறவர்களை இவரோடு சேர்க்கக் கூடாது. கடைசி பெஞ்சில் கானாவுக்குத் தாளம் போட்ட பையன்கள், மணி அடித்ததும் பெஞ்சைப் பெஞ்சாகவே விட்டுவிட்டுப் போனவர்கள். வித்வான் அப்படி விடமாட்டார். மூடியில் துளை போடுவார், டப்பாவின் வாயில் பலூனை இழுத்துக் கட்டுவார், குக்கர் கேஸ்கெட்டை எடுத்து அதற்கு வளையம் மாட்டுவார். அன்றைக்குக் குக்கர் விசில் அடிக்காததற்கு அடுப்பைக் குறை சொல்வார்.

பெட் பாட்டிலில் கிலுகிலுப்பை செய்யலாம் என்று ஒருமுறை இறங்கினார். துவரம் பருப்புக்குக் கரகரப்பு, பாசிப் பருப்புக்கு மென்மை, பச்சரிசிக்கு மழைச் சத்தம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் குலுக்கிப் பார்த்தார். ஆராய்ச்சி முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே சம்படத்தில் கொட்டி மூடிவிட்டார். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் அடைதான்.

பொங்கலுக்குப் பானை வாங்கப் போகும் நாளில் இவரைப் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பானையைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கணீரென்றால் நல்ல பானை, சத்தம் செத்திருந்தால் எங்கோ கீறல். வித்வானின் மனைவியும் தட்டுவார், வித்வானும் தட்டுவார். இரண்டு தட்டலுக்கும் உள்ள தூரம் மானாமதுரைக்கும் மண்ணடிக்கும் உள்ள தூரம். அந்த அம்மாள் தேர்ந்தெடுத்த பானையைக் கையில் வாங்கி, வாயை வயிற்றோடு அணைத்து, எடுத்து, மறுபடி அணைத்து, வாசித்துக் காட்டுவார். வாய் மூடினால் குரல் இறங்கும், திறந்தால் ஏறும்.

கடைக்கார அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வயித்து வலி பானைக்கா, உங்களுக்கா ஐயா?"

இதற்கெல்லாம் அவர் அசரமாட்டார். அங்கேயே நின்று விளக்குவார். சமையல் பானை மெல்லிசு, கடம் கனம். சுற்றுச் சுவர் எங்கும் ஒரே பருமனாக இருந்தால்தான் எங்கே தட்டினாலும் சுருதி பிசகாது. அதற்காக மானாமதுரையில் பச்சைப் பானையை ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டி இறுக்குகிறார்கள். "கடம் செய்கிற மீனாட்சி கேசவன் அம்மாவுக்குச் சங்கீத நாடக அகாடமி விருதே கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா? நானும்தான் இந்த வீட்டில் எத்தனை செய்கிறேன், ஒரு காபிக்கு வழியில்லை."

"அவங்க மண்ணை எடுத்துப் பானை செஞ்சாங்க. நீங்க பானையை எடுத்து மண்ணாக்குறீங்க" என்றார் மனைவி. போன வருஷத்துப் பானை என்ன ஆனது என்பது கடைக்கார அம்மாளுக்கும் அப்போது புரிந்தது.

சொல்லப்போனால் அவர் சொல்கிற தகவல்களில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள் என்பது உண்மை. மிருதங்கத்தின் கரணை என்கிற கறுப்புப் பூச்சு எப்படி அதற்குப் பாட்டுக் குரலைத் தருகிறது என்று சி.வி.ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார் என்பதும் உண்மை. ஆனால் உப்புமாவுக்கு வறுத்து வைத்த ரவையைப் பிளாஸ்டிக் வாளியின் அடியில் அப்பலாம் என்று ராமன் எங்கும் எழுதவில்லை.

கஞ்சிரா கதை தனி. கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் போர்த்துவது பழைய வழக்கம். இன்றைக்கு உடும்பைத் தொட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம்மைத் தொடும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரான வித்வான் பரணில் ஏறினார். மாமனாரின் முழங்கால் எக்ஸ்ரே கிடைத்தது. மாவுச் சல்லடையின் வலையைப் பிய்த்து எறிந்துவிட்டு அந்த வளையத்தில் எக்ஸ்ரேயை இழுத்து ஒட்டினார். பக்கவாட்டில் ஒரு பிளவு. அதற்குள் 2011-இல் செல்லாமல் போன நாலணாக் காசு இரண்டு. நியாயமாகச் சொல்ல வேண்டும், சத்தம் நன்றாகவே வந்தது. முட்டிச் சில்லுக்கு நேராக அடித்தால் 'தோம்' என்றுகூடச் சொன்னது.

அடுத்த மாதம் மாமனாருக்கு மறுபடி கால் வலி. பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார்.

"இருக்கு டாக்டர். இவர்தான் தினமும் வாசிக்கிறார்" என்றார் மகள்.

பிளம்பர் விட்டுவிட்டுப் போன பிவிசி குழாய்களை வித்வான் அளந்து அறுத்து, நெட்டைக்குத் தடித்த குரல், குட்டைக்குக் கீச்சுக் குரல் என்று வரிசைப்படுத்தி, ஹவாய் செருப்பால் வாயில் அறைந்து வாசித்த நாள்களில் அந்த வீட்டார் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டிருந்தார்கள். அதைவிட மோசம் ஜலதரங்கக் காலம். ஒரே அளவுப் பீங்கான் கோப்பை ஏழு. தண்ணீர் ஏற ஏறச் சுருதி இறங்கும் அல்லவா? பெண் பார்க்க வந்தவர்களுக்கு அதே கோப்பையில், சுருதி பிசகாமல், டீ ஊற்றிக் கொண்டுவந்தார். ஷட்ஜத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக் கோப்பை நிறைய டீ. நிஷாதத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு ஒரு மடக்கு.

யாராவது குறை சொன்னால் நேராக டிரினிடாட் தீவுக்குப் போய்விடுவார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வெள்ளைக்கார அரசாங்கம் தோல் முரசுகளைத் தடுத்தது. ஜனங்கள் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின், பிறகு எண்ணெய்ப் பீப்பாய். பீப்பாயின் அடியைக் குழித்துக் குழித்து முழு ஸ்வரமும் வரவழைத்து, 1951-இல் லண்டனுக்கே கொண்டுபோய் வாசித்தார்கள். 1992-இல் அதுவே நாட்டின் தேசிய வாத்தியம். இந்தக் கதையைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். "எண்ணெய் டின்னில் பிறந்த சங்கீதம்!" என்பார்.

"அவங்க காலி டின்னுல அடிச்சாங்க" என்று உள்ளிருந்து குரல் வரும். பதினைந்து கிலோ கடலை எண்ணெய் கூடத்தில் ஓடிய நாளை அந்த அம்மாள் மறக்கத் தயாராக இல்லை.

எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். இவ்வளவு வாத்தியங்கள் செய்தவர் எதிலாவது ஒரு முழுப் பாட்டுக்கு வாசித்து யாரும் கேட்டதில்லை. ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் போவார். மூன்றாவதில் கை நிற்கும். "நாதம் இன்னும் கூடணும்" என்று ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விடுவார். வாத்தியம் செய்து முடிந்துவிட்டால் உட்கார்ந்து வாசித்தாக வேண்டும். வாசித்தால், அந்தக் காலத்து அப்பா கணக்கு டியூஷனுக்கு அனுப்பியது சரிதானோ என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் எப்போதும் ஒரு நட்டு குறையும், ஒரு தோல் தளரும், இன்னும் ஒரே ஒரு டப்பா தேவைப்படும்.

குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு இந்த நுணுக்கம் தெரியாது. பொங்கல் விழாவில் பத்து நிமிஷம் வித்வானின் தனி ஆவர்த்தனம் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதிக்கொண்டு ஒரு மாலை வீடேறி வந்தார். வித்வான் அவரை உட்காரவைத்து உபசரித்தார். அவர் கையிலிருந்த டிபன் பாக்ஸை வாங்கி, பேச்சோடு பேச்சாக அடுக்கடுக்காகக் கழற்றித் தட்டிப் பார்த்தார். நடு அடுக்கை மட்டும் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் பார்ப்போம் சார்" என்றார் தழைந்த குரலில். "பாத்திரம் எதுவுமே இன்னும் கைக்கு வரலை."

"எனக்கும்தான்!" என்றது சமையலறை.