இரண்டாவது விருப்பம் தந்த நாற்காலி

கேள்வி: குடியரசுத் தலைவர் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் முந்தியவர்தான் ஜெயித்தவரா?

பதில்: பாதிக்கு மேல் வாக்கு மதிப்பு சேர்ந்தால்தான் ஜெயம்! 1969-ல் இந்திரா காந்தி ‘மனசாட்சிப்படி வாக்களியுங்கள்’ என்றதும் காங்கிரஸ் வாக்குகள் பிளந்தன. காங்கிரஸ் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியை, சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி முதல் எண்ணிக்கையில் முந்தினார், நாற்காலி மட்டும் எட்டவில்லை. பின்தங்கியவர்களை நீக்கி, அவர்களது வாக்குச்சீட்டுகளில் ‘2’ என்ற இரண்டாவது விருப்பம் யாருக்கு என்று எண்ணினார்கள். பெரும்பகுதி ரெட்டிக்கே போயிற்று. ஆனாலும் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. மூச்சு முட்டும் முடிவு!

இந்தத் தேர்தலில் எல்லா எம்.எல்.ஏ.க்களின் வாக்குக்கும் ஒரே எடை இல்லை. தமிழ்நாட்டில் 176, சிக்கிமில் 7. இதற்கு இன்றும் 1971 மக்கள்தொகைதான் கணக்கு. பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே பலம் இழக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது, மிக நியாயமானது.