பனோரமாவில் ஒரு கிரவுண்டு

பனோரமா படத்தை வீடியோவில் காட்ட இரண்டு வழிகள் உண்டு. பக்கவாட்டில் நகர்த்துவது பேன். கிட்டே கொண்டுவருவது ஜூம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் மூன்றாவது வழியும் உண்டு. இரண்டும் ஒன்றாக, நாதஸ்வரத்தோடு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து இறங்கும். மனை விற்பனைக்காக. சென்ற ஞாயிறும் வந்தது.

உத்தி பழையது. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ ஆவணப்படம் 1957இலேயே டாசன் நகரத்துப் பழைய புகைப்படங்கள்மேல் கேமராவை ஊர விட்டது. ஆனால் பெயர் கிடைத்தது, அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி 1990இல் தொடர் எடுத்த கென் பர்ன்ஸுக்கு. அவர் போர்வீரர்களின் முகங்களை நெருங்கினார். இங்கே நெருங்கப்படுவது சீமைக்கருவேலம்.

கணக்கும் எளிது. பனோரமா 12,000 பிக்சல் அகலமும் 2,700 உயரமும் என்று கொள்வோம். 1920க்கு 1080 அளவுள்ள வீடியோவில் அகலத்தை முழுதாக அடக்கினால் உயரம் 432 ஆகச் சுருங்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை. உயரத்தை நிரப்பினால் அகலம் 4,800; அதில் ஐந்தில் இரண்டு பங்குதான் ஒரு நேரத்தில் தெரியும். மீதியைக் காட்டத்தான் பேன். பத்துப் பன்னிரண்டு விநாடி போதும். அந்த நிலையிலிருந்து இரண்டரை மடங்கு வரை ஜூம் செய்யலாம். அதற்குமேல் புல்லெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும்.

கைன்மாஸ்டர் போன்ற செயலியில் தொடக்க இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்தால் போதும். வேகம் கிளிப்பின் நீளத்தைப் பொறுத்தது. கிளிப்பின் நீளமோ பின்னணிப் பாட்டைப் பொறுத்தது. வினை இங்கேதான்.

நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரே பனோரமா என்றால் காட்சி விநாடிக்கு 12 பிக்சல் நகரும். முதலில் நுழைவு வளைவின் இடது தூண். தூண்மேல் யானை பொம்மை. தும்பிக்கை முடிவதற்குள் பல்லவி முடிந்துவிடும். பிறகு மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கல். பிறகு தரை. தரைக்குப் பின் இன்னொரு எல்லைக்கல். அடுத்து மாடு; படம் எடுக்கையில் அது நடந்துவிட்டதால், ஒட்டுப்போட்ட இடத்தில் பின்னங்கால்கள் மட்டும் தனியாக மேயும். பனோரமா உருளைப் பரப்பில் விரிவதால் நேர்க்கோடுகள் வளையும். நேரே ஓடும் சிங்கப்பெருமாள் கோவில் சாலை ஏற்காடு மலைப்பாதைபோல் திரும்பும். அப்புறம் அம்புக்குறிகள். 2010இல் திறந்த ரெனோ–நிஸான் ஆலைக்கு ஒன்று, 2012இல் திறந்த டைம்லர் லாரி ஆலைக்கு ஒன்று. இரண்டு ஆலைகளும் படத்தில் இல்லை. அம்புகள் ஆகாயத்தைக் காட்டும். பிறகு மறுபடி தரை. மறுபடி எல்லைக்கல். சரணத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி தலைகாட்டும். ஜூம் அதில் போய் நின்று, யோசித்து, திரும்பி வரும். பிறகு எல்லைக்கல்.

விலை கடைசியில் சொல்லப்படும் என்று குரல் ஆரம்பத்திலேயே வாக்குக் கொடுத்திருக்கும். கடைசியில் வருவது: “விலைக்கு அழைக்கவும்.”

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்யவேண்டிய மனைப்பிரிவின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும். சென்ற ஞாயிற்றின் வீடியோவில் எண் திரையின் அடியோரம், மாட்டுக் குளம்புக்குக் கீழே இருந்தது. ஜூம் அந்தப் பக்கம் போகவில்லை. மனை வாங்க நினைப்பவர்கள் வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, முதலில் அந்த எண்ணைப் படிக்கவும்.