அன்பால் அழுகும் ஆர்க்கிட்

ஜாவா, போர்னியோ முதலிய தீவுகளின் மழைக்காடுகளில், எவரும் உரமிடாமலும் எவரும் நலம் விசாரிக்காமலும் செழித்து வளரும் ஃபலனாப்சிஸ் அமாபிலிஸ் என்னும் வெண்ணிற ஆர்க்கிட், 1993-இல் இந்தோனேசியாவின் தேசிய மலர்கள் மூன்றனுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட பெருமையுடையது. எனினும், பாசமுள்ள ஒருவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்த பின்னரே அதற்கு உண்மையான ஆபத்து தொடங்குகிறது. இது மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அன்று. மரத்தில் இடம் மட்டும் பெற்று வாழும் தொற்றுத்தாவரம், அதாவது வாடகை தராவிட்டாலும் வீட்டுக்காரரின் அடுக்களையில் கைவைக்காத குடித்தனக்காரர்.

இதன் வேர்களைப் போர்த்தியிருக்கும் வேலமன் என்னும் உறை, உயிரற்ற செல்களால் ஆனது; மழை விழுந்ததும் நீரை உறிஞ்சிக்கொண்டு, பின்னர் காற்றில் உலர்வது அதன் இயல்பு. நனைந்த வேர் பச்சையாகவும் உலர்ந்த வேர் வெள்ளி நிறமாகவும் தோன்றுவதால், தண்ணீர் தேவையா என்பதைச் செடியே அறிவித்துவிடுகிறது. ஆயினும் வளர்ப்போர் வேரைப் பார்க்காமல் இலையின் முகத்தைப் பார்த்து, அது வாடியிருந்தால் மனமிரங்கி மேலும் ஒரு குவளை ஊற்றுகின்றனர். ஏற்கெனவே ஊற்றிய நீரில் வேர் அழுகியதே அவ்வாட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், இரக்கம் மிக மிக வேர் குறைகிறது. மண்ணில் நடுவதும் இவ்வகைக் கருணையே. காற்றுப் புகும் மரப்பட்டைத் துண்டும் கரியுமே இதற்குப் போதும். வாரந்தோறும் செடியைத் தலைக்குக் குளிப்பாட்டுவோர் வேறொரு வகையினர்: இலைகளின் நடுவே தேங்கும் நீர், செடியின் ஒரே வளர்நுனியை அழுகச் செய்கிறது.

இத்தனைக்கும் தப்பிய செடி பூக்க, சில வாரங்களுக்கு ஏறத்தாழ 25 பாகை செல்சியசுக்குக் குறைவான குளிர்ச்சி வேண்டும். சென்னையின் மே மாத இரவு அதைத் தருவதில்லை. ஆகவே குடும்பத்தினர் கூடத்தில் வியர்த்திருக்க, குளிர்சாதன அறையில் செடி துயில்வதும் உண்டு. பூத்தால் மலர்கள் இரண்டு, மூன்று மாதங்கள் வரை நிற்கும். அவை உதிர்ந்ததும் செடி இறந்ததாக எண்ணிக் குப்பையில் சேர்ப்பதே இவ்வன்பின் கடைசிப் படலம்; அதற்கு முன், பூந்தண்டைச் சற்றே உற்றுநோக்குவது நலம், ஏனெனில் அது பச்சையாக இருக்கும் வரை, அதன் கீழ்க்கணுவிலிருந்து மறுபடியும் மொட்டு வரக்கூடும்.